ஏலக்காய்க்குக் குடுத்த மரியாதை

வா மாப்ளே, வா. போடிமெட்டு செக்போஸ்ட்டத் தாண்டி மாமனத் தேடி வந்துருக்க, அதுவும் காலையில ஆறு மணிக்கு. பெங்களூர்ல வேலை பாத்தப்ப ஒனக்கு ஆறு மணின்னா நடுச்சாமம். எதுக்கு வந்துருக்கன்னு தெரியும். நேத்து ஒன் ஓம்ஸ்டே பெரிய ரூம்புல என்னைய ராசா மாதிரி படுக்க வச்ச. நான் பன்னெண்டு மணிக்குக் கம்பளியச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்துட்டேன். விடியறதுக்குள்ள ஒங்கம்மா போடியிலருந்து போன் போட்டு, "அண்ணே, எம்மகன் ஒனக்கு என்ன கொறை வச்சான்"னு ஒரே அழுகை.

கொறை ஒண்ணும் இல்லடா. மெத்தை நல்ல மெத்தை. படுத்தா ஆளே காணாமப் போயிர்றான். கம்பளி நம்ம வீட்டுக் கம்பளி மாதிரி உறுத்தல. ஒன் கணப்பும் நல்லாத்தான் எரிஞ்சுச்சு. அதான் வெவகாரமே.

முதல்ல அந்தக் கணப்பப் பத்திச் சொல்றேன், கோவிக்காத. நான் மூணாங்கிளாஸ். விறகு இருக்கு, எரியல. தீ எரியிது, விறகத் தொடல. எனக்கு மண்டை காஞ்சுபோச்சு. குனிஞ்சு ஒரு கட்டையத் தட்டிப் பாத்தா சட்டி ஓடு மாதிரி டங்குன்னு சத்தம் வருது. பட்டுச்சேலைக் கடை வாசல்ல ஒரு பொம்பளப் பொம்மை நிக்கும் பாரு, கும்புட்ட கையோட? அந்த மாதிரி விறகுப் பொம்மை. கீழ ஓட்டை ஓட்டையா ஒரு குழாய், அதுலருந்து கேஸு. முன்னாடி கண்ணாடி. ரிமோட்ட அமுக்குனா குப்புன்னு பத்துது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்துக்கிட்டே வர்ற சனத்துக்கு இதப் பாத்ததும் ஊட்டி வெள்ளைக்காரன் பங்களாவுக்கே வந்துட்ட மாதிரி இருக்கும், ஒத்துக்கிறேன். போட்டோவும் நல்லா விழும்.

நான் ஒன்னையக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "புகை எங்கிட்டு மாப்ளே போகும்?"

நீ சிரிச்ச. "கேஸுல ஏது மாமா புகை"ன்ன. பக்கத்துல நின்ன ஒன் கூட்டாளியும் சிரிச்சான். நானும் சேந்து சிரிச்சுக்கிட்டேன். சாப்பாடு வேற நல்லாருந்துச்சா, வம்பு எதுக்குன்னு விட்டுட்டேன்.

படுத்தப்புறந்தான் நெனப்பு ஓடுச்சு. எந்திரிச்சு வெளிய போயி டார்ச் அடிச்சு வீட்டச் சுத்தி வந்தேன். செவத்துல ஓட்டை இல்ல. கூரையிலயும் இல்ல. கணப்பு தலையிலருந்து பளபளன்னு ஒரு குழாய் கெளம்பி மேல போகுது, சரி. அது உள்சீலிங்குக்குள்ள நொழையிது, அதுவும் சரி. அதுக்கப்புறம்? அங்கனயே நின்னுருச்சு. மாமியா வீட்டுக்குக் கெளம்புன புதுமாப்பிள்ளை பாதி வழியில சாராயக் கடையில ஒக்காந்துட்ட மாதிரி. சாப்பிடும்போது நீ சொன்னது அப்பத்தான் வெளங்குச்சு, கூரைக்கு மேல குழாய் நீட்டிக்கிட்டு இருந்தா முகப்பு கெட்டுப்போகுதுன்ன. அந்தக் குழாய வெளிய கொண்டுபோக ஃபிட்டர் தனியாக் காசு கேட்டான்னும் சொன்ன. ஆக, குழாயக் குட்டையா வெட்டி, மிச்சக் காசுல வாசல்ல நீரூற்று வச்சுட்ட. நீரூற்று அழகா இருக்குடா.

ஒனக்கு மாமன் என்ன தொழில் பாத்தேன்னு ஞாபகம் இருக்கா? கக்கத்துல கணக்குப் புஸ்தகம் வச்சவன் இல்ல. பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டு ஏலக்காய் ஸ்டோர்ல தீப் போடுற ஆளு. முப்பது சீசன். ஆடி ஆவணியில பறிப்பு தொடங்குனா தை மாசி வரைக்கும் எனக்கு ராத்திரிங்கிறதே கெடையாது. பச்சைக் காய் நூத்துக்கு எம்பது பங்கு தண்ணியோட வரும். அத நெதானமா, அம்பது டிகிரிய ஒட்டி, ஒரு பகலும் ஒரு ராவும் சூட்டுல வச்சுப் பத்து பன்னெண்டு பங்குக்கு எறக்கணும். சூடு கூடுனா காய் வெடிக்கும், நெறம் வெளுக்கும். கொறஞ்சா பூத்துப்போகும். அஞ்சு கிலோ பச்சை போட்டா ஒரு கிலோ காஞ்ச காய். அம்புட்டுத்தான்.

அந்த ஸ்டோர எவன் கட்டுனானோ, அவன் ஒன்னைய மாதிரி படிச்சவனா இருக்க மாட்டான், ஆனா வெவரமானவன். அடுப்பு வாய் வெளிய இருக்கும். விறகத் திங்கிறது வெளிய. தகரக் குழாய் மட்டும் ஸ்டோருக்குள்ள புகுந்து சுத்திக்கிட்டு வந்து, அந்தப் பக்கம் புகைபோக்கியில ஏறிக் கூரைக்கு மேல போயிரும். குழாய்க்குள்ள புகை, குழாய்க்கு வெளிய சூடு. ரெண்டும் ஒரே ரூம்புல இருந்தாலும் ஒண்ண ஒண்ணு பாக்காது, சண்டை போட்ட சம்பந்திக மாதிரி. காய்லருந்து கெளம்புற ஈரக் காத்துக்கு மேல தனியா வென்டிலேட்டர். நல்ல காத்து உள்ள வரக் கீழ தனியாத் தொறப்பு.

ஒரு தடவை குழாய் மூட்டுல களிமண்ணுப் பூச்சு விட்டுப்போச்சு. நான் கவனிக்கல, கண்ணசந்துட்டேன். காய் முழுக்கப் புகை வாசம். போடி ஏலத்துல சாக்கப் பிரிச்ச வேபாரி, ஒரு காய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அன்னைக்கு மொதலாளி என்னையத் திட்டுன திட்டு இருக்கே, ஒங்கத்தைகிட்டயே சொன்னதில்ல. அன்னையிலருந்து தீய மூட்டுறதுக்கு முந்தி குழாயத்தான் தடவிப் பாப்பேன். தீய எவன் வேணா மூட்டிருவான் மாப்ளே. புகைக்குப் பாதை போடுறவன்தான் தீப் போடுற ஆளு.

நாங்க ஏலக்காய்க்குக் குடுத்த மரியாதைய நீ மனுசனுக்குக் குடுக்கல. அதுவும் ராத்திரிக்கு வாடகை வாங்கிக்கிட்டு.

சரி, "கேஸுல ஏது புகை"ன்னியே, அதுக்கு வர்றேன். கண்ணுக்குத் தெரியிற புகைய விட்டுட்டு ஓடலாம், கண்ணு எரியும், இருமல் வரும், நாய் குலைக்கும். தெரியாதது ஒண்ணு இருக்கு. கேஸோ விறகோ கரியோ, காத்துப் பத்தாம மூச்சுத்திணறி எரியும்போது கார்பன் மோனாக்சைடு கெளம்பும். நெறம் கெடையாது, வாசம் கெடையாது. செக்போஸ்ட்டுல நின்னு பேரு எழுதிட்டுப் போற சோலியும் அதுக்கு இல்ல. போடி பஸ் ஸ்டாண்டுல மூணாறு வண்டி உள்ள வந்ததும் சன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் பிடிப்பாய்ங்கள்ல? ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒக்கார வேண்டிய சீட்டுல இது துண்டப் போட்டுரும். போட்டா லேசுல எடுக்காது. ஆக்ஸிஜன விட எரநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கிரும்னு டாக்டருக சொல்றாய்ங்க. ஆக்ஸிஜன் படிக்கட்டுல தொங்கிட்டு எறங்கிப் போயிரும்.

தெரியிற அடையாளம் என்ன? தலைவலி, கெறக்கம், குமட்டல், தூக்கம். இதத்தான்டா யோசிச்சுப் பாரு. 17 வளைவு சுத்தி ஏறி வந்தவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே இருக்கு! "மலை ஏறுனது ஒத்துக்கல, படுத்தாச் சரியாப் போகும்"னு படுப்பான். ஒன் கூட்டாளி மாதிரி ஆளுன்னா, "சரக்கு கொஞ்சம் கூடிருச்சு"ன்னு படுப்பான்.

இது மாமன் கட்டிவிட்ட கதை இல்ல. 2020 ஜனவரியில நேபாளத்துக்குப் போன கேரளாக்காரங்க ஞாபகம் இருக்கா? திருவனந்தபுரம், கோழிக்கோடுப் பக்கம், பதினஞ்சு பேரு. பொக்காரா பாத்துட்டுத் திரும்புற வழியில தாமன்னு ஒரு மலையூர்ல தங்குனாங்க. நல்ல குளிர். பல ரூம்பு எடுத்திருந்தும் எட்டுப் பேர் ஒரே ரூம்புல படுத்தாங்க, கேஸ் ஹீட்டர் அங்கதான் இருந்துச்சுன்னு. கதவு சன்னல் எல்லாம் உள்ள தாழ்ப்பாள். மறுநாள் ஹெலிகாப்டர்ல காத்மாண்டுக்குக் கொண்டுபோனாங்க. எட்டுப் பேருமே இல்ல. நாலு பேரு பச்சைப் பிள்ளைக. அன்னைக்கு இந்த மெட்டுல டீக்கடையில டி.வி. பாத்துக்கிட்டு இருந்த மலையாளத்தாளு எல்லாம் கிளாஸக் கீழ வச்சுட்டாங்க. நானுந்தான்.

நேபாளம் தூரமா? கொடைக்கானலுக்கு வா. 2024 ஆகஸ்ட்டுல ரெண்டு பயலுக, கறி சுட்ட கரி அடுப்பக் குளிருக்கு இதமா இருக்கட்டும்னு ரூம்புக்குள்ளயே வச்சுப் படுத்தாய்ங்க, எந்திரிக்கவே இல்ல. கரி அணைஞ்ச மாதிரி தெரியும், அணையாது. சாம்பலுக்கு அடியில கண்ண மூடிக்கிட்டு வேலை பாக்கும். ஒன் தோட்டத்துலயும் ராத்திரி கேம்ப்ஃபயர் போட்டு, மிச்சக் கங்க இரும்புச் சட்டியில அள்ளி ரூம்புக்குக் குடுக்குறான் ஒன் வேலைக்காரப் பய. "கஸ்டமர் கேக்குறாங்க சார்"ங்கிறான். கஸ்டமர் பாம்பக் கேட்டாலும் குடுப்பியான்னு கேட்டேன். மொறைச்சான்.

இதுல நீ செஞ்ச கெட்டிக்காரத்தனம் என்னன்னா, மேகம் உள்ள வருதுன்னு சன்னலுக்கெல்லாம் ஸ்பாஞ்சு பட்டி ஒட்டிட்ட. கதவுக்கு அடியிலயும் ஒரு பிரஷ்ஷு. ஈ எறும்பு நொழையாது. நம்ம பழைய ஓட்டு வீட்டுல ஆயிரம் சந்து, குளிரும் வரும், உசுரும் தங்கும். நீ கட்டுனது வீடு இல்ல மாப்ளே, ஊறுகாய் ஜாடி.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. காப்பியக் குடி. ஏலக்காய் தட்டிப் போட்டுருக்கா, புகை வாசம் இருக்காது.

அந்த மெஷினோட ஒரு பொஸ்தகம் வந்துச்சே, எங்க? நான் சொல்றேன். சாப்பாட்டு மேசை ஒரு கால் ஆடுதுல்ல, அதுக்கு அடியில. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கல. அத உருவிக்கிட்டு வந்து எம்பேத்திய வாசிக்கச் சொன்னேன். இப்ப ஒன் மேசை ஆடும், பரவால்ல. முதல் பக்கத்துலயே போட்டுருக்கான், குழாய் கட்டாயம் வெளிய போகணும்னு. குழாய்க்குள்ள குழாய் வச்ச ரகமும் இருக்காம். வெளிக்குழாய் வழியா நல்ல காத்து வரும், உள்குழாய் வழியாப் புகை போகும், முன்கண்ணாடி இறுக்கமா மூடியிருக்கும், ரூம்புக் காத்தத் தொடவே தொடாது. நம்ம ஏலக்காய் ஸ்டோரத்தான் வெள்ளைக்காரன் சின்னதாச் செஞ்சு விக்கிறான். குழாயே இல்லாத ரகமும் ஒண்ணு இருக்கு. கனடாக்காரன் அத வீட்டுக்குள்ள அண்ட விடுறதில்ல. அவனுக்குத் தெரியாத குளிரா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு?

வருசத்துக்கு ஒருக்கா, குளிர் தொடங்குறதுக்கு முந்தி, தெரிஞ்ச மெக்கானிக்க வச்சுப் பிரிச்சுப் பாக்கணும்னும் எழுதியிருக்கான். ஏன்னா மழைக்காலம் முழுக்க ஒன் ஓம்ஸ்டே பூட்டிக் கெடக்கும். நம்ம மெட்டுல பூட்டுன வீடு யாருக்குச் சொந்தம்? எட்டுக்கால் பூச்சிக்கு. அந்த ஓட்டைக் குழாய்க்குள்ள புகுந்து கூடு கட்டிரும். ஒரு இணுக்கு நூல் போதும், கேஸும் காத்தும் கலக்குற கணக்கு கெட்டுப்போகும். புகைக்குழாய் வாயில குருவி கூடு கட்டுனாலும் அதே கததான்.

தீயோட நெறத்த வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்னு நெனைக்காத. சமையல் அடுப்புல நீலமா எரிஞ்சா நல்லது, மஞ்சளா எரிஞ்சா சட்டி கருக்கும், இது ஒங்கத்தைக்கே தெரியும். ஆனா இந்தக் கணப்பு அழகுக்காக மஞ்சளா எரியிற மாதிரியே செஞ்சது. அதனால கண்ணாடியில, அந்தப் பொம்மை விறகுல, கரி படியுதான்னு பாரு. படிஞ்சா அன்னைக்கே நிறுத்து. ஒன் கண்ணாடி ஓரத்துல கருப்பா ஒரு மீசை இருந்துச்சே, பாத்தியா? நீ "ரஸ்டிக் லுக்"ன்ன. எனக்கு இங்கிலீஸ் வராதுன்னு நெனச்சுட்ட.

அந்த மீசைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வெளிநாட்டுலருந்து வர்ற மெஷினு குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுவுக்குன்னு ஓட்டை போட்டு வரும். நம்ம சிலிண்டர் கேஸு அதவிடச் சத்தானது, சின்ன ஓட்டை போதும். ஜெட்டு மாத்தாமச் சிலிண்டர மாட்டுனா, கொழந்தைக்குப் படியில பால் ஊத்துன மாதிரி, கக்கத்தான் செய்யும். மெட்டுல காத்து வேற மெலிசு. இதெல்லாம் மெக்கானிக்குட்டக் கேளு. ஃபிட்டர்ட்ட இல்ல, மெக்கானிக்குட்ட. ஒன் ஃபிட்டரு டைல்ஸ் ஒட்ட வந்த பய.

ஒரு விசயத்துல மட்டும் அந்த மெஷினப் பாராட்டுறேன். உள்ள குட்டியா ஒரு வெளக்கு எப்பவும் எரியும், அதுக்குப் பக்கத்துல ஒரு கம்பி. வெளக்குச் சூட்டுல கம்பியில துளி கரண்டு பொறக்கும், அந்தக் கரண்டுதான் கேஸ் வால்வத் தொறந்து பிடிச்சிருக்கும். வெளக்கு அணைஞ்சா கரண்டு செத்துரும், வால்வு மூடிக்கிரும். எம்புட்டு அறிவு! அது அடிக்கடி அணையிதுன்னு ஒன் பய அந்தக் குமிழ அமுக்கி, குச்சி செருகிவிட்டுருக்கான் பாரு, அதுதான் நம்ம ஊரு அறிவு. அந்தக் குச்சிய நேத்தே உருவி அடுப்புல போட்டுட்டேன். அணைஞ்சா அஞ்சு நிமிசம் சும்மா இரு. தேங்குன கேஸு கலையட்டும், அப்புறம் பத்த வையி. அணைஞ்சுக்கிட்டே இருந்தா, வெளக்கு என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம்.

சிலிண்டருக்கு வா. அலமாரிக்குள்ள வச்சு, சாமி படம் மாட்டி மறைச்சுருக்க. சிலிண்டர் கேஸு காத்த விடக் கனம். கசிஞ்சா தரையோட தரையாப் படுத்து, பள்ளம் தேடிப் போகும், நம்ம வீட்டுப் பூனை மாதிரி. அத வெளிய, காத்தாட, நிமுத்தி வையி. ஆரஞ்சு நெறச் சுரக்‌ஷா குழாய் போடு, அதுக்கு அஞ்சு வருசந்தான் ஆயுசு. நீ மாட்டியிருக்கிற பச்சைக் குழாய் கத்திரிக்காய்க்குத் தண்ணி பாச்சுறது. அதோட ஓம்ஸ்டேக்கு 19 கிலோ கமர்சியல் சிலிண்டர்தான் வாங்கணும். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ நாலு நிக்கிறத நான் பாக்கல, நீயும் காட்டல.

காலையில சிலிண்டர் முக்குதுன்னு அந்தப் பய வென்னி ஊத்துறான். குளிர்ல பியூட்டேன் ஆவியாகச் சோம்பேறித்தனம் பண்ணும், அதான் முக்குது. ரெண்டு சிலிண்டரச் சேத்து மாட்டுனா ஆளுக்குப் பாதி சுமப்பாய்ங்க. வென்னியும் வேணாம், தீயும் வேணாம். மூட்டுல கசியுதான்னு பாக்கச் சோப்புத் தண்ணி தடவு, குமிழி விட்டாக் கசியுது. தீக்குச்சி கிழிச்சுப் பாக்குற வீரனுக நம்ம ஊர்ல இருந்தாய்ங்க. இருந்தாய்ங்கன்னுதான் சொல்றேன்.

கேஸுக்கு இயற்கையில நாத்தம் கெடையாது மாப்ளே, தெரியுமா? நமக்குத் தெரியட்டும்னு எத்தில் மெர்காப்டான்னு ஒண்ணக் கலந்து நாற வைக்கிறாய்ங்க. நாத்தம் வந்தா லைட்டு ஸ்விட்ச்சு, ஃபேன் எதையும் தொடாம, சிலிண்டர மூடி, கதவத் தொறந்து, வெளிய வந்து 1906க்குப் போன் போடு. கார்பன் மோனாக்சைடுக்கு எவனும் நாத்தம் கலக்க முடியாது. அதுக்குக் கருவிதான் மூக்கு. நீ வாங்குனியே ஒண்ணு, பச்சை லைட்டு மினுக்குறது, அது சிலிண்டர் கேஸுக்கு. அதக் கொண்டுபோயி உத்தரத்துல மாட்டியிருக்க. கேஸு தரையில கெடக்கும், கருவி மேல பல்லிகூடப் பேசிக்கிட்டு இருக்கும். அத எறக்கித் தரையோரம் மாட்டு. கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி, அது காத்தோட காத்தாக் கலந்துருக்கும், அதனால தலைமாட்டு உசரத்துல, ரூம்புக்கு ஒண்ணு. நீரூற்று வெலையில பாதி கூட வராது. அதுக்கும் ஆயுசு போட்டுருக்கும், முடிஞ்சதும் தூக்கிப் போட்டுரு.

கண்ணாடிய ஆறுனப்புறந்தான் தொடைக்கணும். எரியும்போது அது தோசைக்கல்லு. கொழந்தை வந்தா முன்னாடி ஒரு கம்பித்தட்டி வையி. ஈர சாக்ஸக் காயப்போடுற கொடி அது இல்லைன்னு ரூம்புல ஒரு போர்டு எழுது. அப்புறம், குளிக்கிற ரூம்புக்குள்ள கேஸ் கீஸர் ஒண்ணு தொங்குது. அதுவும் இதே குடும்பம், சின்னம்மா மகன். அத வெளிச் செவத்துக்கு மாத்து. இதுக்கு மேல அதப் பத்திப் பேச எனக்குத் தெம்பு இல்ல.

என்னது, எல்லாத்தையும் செஞ்சு முடிக்கிற வரைக்கும் குளிருக்கு என்ன பண்றதா? கம்பளி குடுடா. சுக்குக் காப்பி குடு. வென்னிப் பைன்னு ஒண்ணு இருக்கு, ரப்பர்ல, பாதத்துல வச்சாப் பாட்டி கூடப் படுத்த மாதிரி இருக்கும். எங்கப்பன் இந்த மெட்டுல மூணு கோணிச்சாக்குல எழுவது குளிர ஓட்டுனாரு. அவருக்கு அஞ்சு நட்சத்திரம் ஒருத்தரும் குடுக்கல, அது வேற.

நான் ஏன் கெளம்பி வந்தேன்னுதானே கேட்ட? தலை வலிச்சுச்சு. மெட்டுலயே பொறந்து வளந்தவனுக்கு மலை ஒத்துக்காமப் போகுமா? சன்னலத் தொறக்கப் பாத்தேன், ஒன் ஸ்பாஞ்சுப் பட்டி விடல. ரிமோட்டு எங்கன்னு தெரியல. அடியில கைய விட்டு வால்வத் திருகி அணைச்சேன், கதவ விரியத் தொறந்து போட்டேன். பக்கத்து ரூம்புல இருந்த மதுரைக்காரக் குடும்பத்தையும் தட்டி எழுப்பி, அவங்க கணப்பையும் அணைச்சு, சன்னலத் தொறக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்க ஒனக்கு ரெண்டு நட்சத்திரம் குடுத்துருப்பாங்க, மன்னிச்சுக்க.

இன்னைக்கே கூரையில ஓட்டை போடு. குழாய வெளிய கொண்டுபோ. மெக்கானிக்கு வந்து கையெழுத்துப் போட்ட மறுநாள் ராத்திரி, நானும் ஒங்கத்தையும் வந்து அதே ரூம்புல படுக்கிறோம். ஒங்கம்மாவுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு.